யாருடைய எலும்பு?



கல்முனைப் பக்கத்திலிருந்து இன்று பாசிக்குடாவுக்கு வந்தவர்கள் கல்லடியில் வாவியைக் கடந்திருப்பீர்கள். புதிய பாலத்தின் அருகே 1924இல் கட்டிய லேடி மனிங் பாலமும் நிற்கிறது. அப்படியொரு பாலம் பாரத்தை எப்படித் தாங்குகிறது என்று கணினியில் பார்க்க, பொறியியலாளர்கள் அதைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணிக்கிறார்கள். இதுவே ஃபைனைட் எலிமென்ட் முறை. சட்டங்களுக்குக் கோடு போன்ற துண்டு போதும். உருக்கின் யங்கின் மட்டு எத்திசையிலும் சுமார் 200 கிகாபஸ்கால். (உயர்தரத்தில் கம்பியில் படி தொங்கவிட்ட பரிசோதனை நினைவிருக்கிறதா?)

1970களிலிருந்து இதே முறை எலும்புக்கும் வந்துவிட்டது. எலும்பு அவ்வளவு இலகுவில் பிடிகொடுக்காது. இந்தக் கரையில் ஒதுங்கும் முருகைக்கல்லை உடைத்துப் பாருங்கள், உள்ளே துளைகள். தொடை எலும்பின் தலைக்குள்ளும் ஏறத்தாழ அப்படித்தான். வெளியிலுள்ள கெட்டி எலும்பின் மட்டு நீளவாட்டில் சுமார் 17, குறுக்கே அதிலும் குறைவு. உள்ளேயுள்ள பஞ்செலும்புக்கோ பெரும்பாலும் ஒன்றுக்கும் கீழே. மாதவிடாய் நின்ற பின் நம்மில் பலருக்கு அது இன்னும் இறங்கும்.

வளைந்த எலும்பை நிரப்ப நான்முகித் துண்டுகள் வசதியானவை. ஆனால் மூலைகளில் மட்டும் நான்கு கணுக்கள் உள்ள நான்முகி வளைய மறுத்து விறைத்து நிற்கும். எலும்பு உள்ளதைவிட உறுதியாகத் தோன்றும். விளிம்பின் நடுவிலும் கணு வைத்த பத்துக்கணு நான்முகிக்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைக் கொடுக்கத்தான் வேண்டும் என்பது எங்கள் கருத்து.

ஏன் இவ்வளவு கவலை? இடுப்பு மூட்டு மாற்றும்போது தொடை எலும்புக்குள் ஓர் உலோகத் தண்டு இறங்குகிறது. ரைற்றேனியக் கலப்புலோகமென்றால் சுமார் 110. கோபால்ற்று-குரோமியமென்றால் 200க்கு மேல். பாரத்தைத் தண்டே சுமந்துகொண்டால், பக்கத்து எலும்பு வேலையிழந்து மெலிந்துபோகும். இளைஞன் ஒருவனின் எலும்பு இலக்கத்தைப் போட்டு 70 வயது அம்மம்மாவுக்குக் கணித்தால் படம் அழகாகத்தான் வரும். முறிவு வேறிடத்தில் வரும்.

அவருடைய சீற்றி ஸ்கேனின் சாம்பல் நிறத்திலிருந்து அடர்த்தியையும், அதிலிருந்து துண்டுக்குத் துண்டு மட்டையும் கணிக்கலாம். அதற்கான சூத்திரங்கள் பெரும்பாலும் மேற்குநாட்டு உடல்களில் அளந்து பெற்றவை.

பல்கலைக்கழகங்களில் பொறியியல் படிப்பிக்கும் நம் தங்கைமாரிடம் ஒரு வேண்டுகோள். நம் பெண்களின் எலும்புகளை அளக்கும் வேலையைத் தொடங்குங்கள். மருத்துவர்களாகிய நாங்கள் பக்கத்தில் நிற்கிறோம்.