வாவிக்கரையில் ஒரு சினிமா வகுப்பு



திரைப்பட இயக்குநர் பாலு மகேந்திரா 1939இல் பிறந்தது நம்முடைய மட்டக்களப்பு அமிர்தகழியில். கொழும்பில் படவரைஞராக வேலை பார்த்தவர், ஒளிப்பதிவு படிக்கப் புனே திரைப்படப் பள்ளிக்குப் போனார். பழைய பிரபாத் ஸ்டூடியோ வளவில் 1960இல் இந்திய அரசு தொடங்கிய பள்ளி அது. கமரா, பிலிம் சுருள், லாப் எல்லாம் விலை கூடிய காலம். அந்தச் சுமையில் பெரும்பகுதியை அரசே தாங்கியது. 1969இல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். மட்டக்களப்புப் பிள்ளைக்கு வெளிச்சத்தைப் படிப்பித்ததில் இந்திய மக்களின் வரிப்பணத்துக்குப் பெரிய பங்குண்டு.

நமது வரிப்பணம் இங்கே அப்படி ஒன்றைச் செய்யாதா? மருந்துக்கும் டீசலுக்கும் வரிசையில் நின்ற நாட்டில் சினிமாவுக்குக் காசா என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கல்லடியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில், இசைக்கும் நடனத்துக்கும் நாடகத்துக்கும் அரசு ஏற்கெனவே செலவழிக்கிறது. அதை யாரும் வீண் என்று சொல்வதில்லை.

சரி, எல்லாருக்கும் எட்டும்படி சினிமாவை ஒன்லைனில் படிப்பிப்போம் என்றால், உடனே விரிவுரைகளைப் பதிந்து ஏற்றிவிடத்தான் பலரும் நினைப்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 2020இல் ஊரடங்கு வந்தபோது, பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு வழியாக மாணவர்கள் டேட்டாச் செலவில்லாமல் சூம் வகுப்புக்கு வந்தார்கள். அது பெரிய காரியம். ஆனாலும் வரலாற்றுப் பாடத்தை மங்கலான படத்தோடு கேட்டு விளங்கிக்கொள்ளலாம், ஒளிப்பதிவை முடியாது. பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்தைச் சிக்னல் குறைந்த இடத்தில், 144p தரத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும் இடம் சதுரஞ் சதுரமாக உடைந்து நிற்கும். நிழல் எது, அழுக்கு எது என்று தெரியாது. படிக்க வேண்டியதே அந்த நிழல்தான்.

ஆகவே காசு போக வேண்டிய இடம் வேறு. கொக்கட்டிச்சோலை, வாகரை போன்ற இடங்களின் பொது நூலகங்களில் படங்களை முழுத் தரத்தில் வைக்கலாம், உரிமைக் கட்டணத்தைக் கட்டித்தான். இரவல் கொடுக்க இரண்டு நல்ல மைக்கும் ஒலிப்பதிவுக் கருவியும் வேண்டும். போனில் படம் ஓரளவு வந்துவிடும், சத்தம்தான் காட்டிக்கொடுக்கும். முன்பு லாங் அடிகளார் என்ற இயேசு சபைக் குருவானவர் நமது வாவியின் பாடும் மீனின் ஒலியைப் பதிவு செய்தார். அது இலங்கை வானொலியிலும் போனது. அதே வேலையை ஒரு பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடியில் முதல் பயிற்சியாகக் கொடுங்கள். தண்ணீருக்குள் மைக்கை எப்படி இறக்குவது, பாலத்தில் போகும் பஸ்ஸின் இரைச்சலை எப்படித் தவிர்ப்பது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். பிறகு அந்தப் பதிவை ஒரு ஆசிரியர் நொடி நொடியாகக் கேட்டுத் திருத்த வேண்டும். அந்த ஆசிரியரின் சம்பளம்தான் இதில் மிகப் பெரிய செலவாக இருக்கும். இருக்கவும் வேண்டும்.

இனி யார் மாணவர்? நம் ஊரில் கமராவைத் தினமும் தூக்குகிறவர் கலியாண வீட்டு வீடியோக்காரர்தான். விடிய நாலு மணிக்குப் பெண்ணுக்கு அலங்காரம் செய்யும் அறையில் லைட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வெளிச்சத்தோடு அவருக்குப் பழக்கம் அதிகம். உயர்தரப் பரீட்சையில் இசட் புள்ளிதான் காணாது. கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்து இலவசக் கல்வி பல்கலைக்கழக வாசலுக்கு வந்ததும், அந்தப் புள்ளியைக் கேட்கிறது. உள்வாரி மாணவருக்கு இலவசம், வெளியே நிற்பவர் வெளிவாரிக் கற்கைக்குக் காசு கட்ட வேண்டும். ஒன்லைன் வகுப்பில் இருக்கைத் தட்டுப்பாடு இல்லை, விடுதி தேவையில்லை. பிறகேன் அதே கதவு?

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு காசை ஒதுக்கினாலும் யாரைச் சேர்ப்பது என்பதில் வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழக மூதவைக்குப் பெரிய பொறுப்பு உண்டு. படவரைஞராக இருந்த ஒருவரைப் புனே சேர்த்துக்கொண்டது. கலியாண வீடியோக்காரரை நாம் சேர்ப்போமா?