காம்பில் ஆறாத புண்



முலைக்காம்பில் ஒரு புண். இதை வெளியே சொல்ல எந்தப் பெண்ணுக்கும் கூச்சம். கணவரிடம் சொல்லவும் கூச்சம். சாலைக் கடைத் தெருவில் ஒரு களிம்பு வாங்கிப் பூசுவார்கள். பேசாமல் இருந்துவிடுவார்கள்.

பெரும்பாலும் அது சாதாரணப் புண்தான். பால் கொடுக்கும் தாய்க்குக் காம்பு வெடிக்கும். உள்பாடி உரசினாலும் அரிக்கும். மருந்து போட்டால் ஆறிவிடும்.

ஆறாவிட்டால்?

1874-ஆம் ஆண்டு லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பேஜெட் இதைப் பற்றி எழுதினார். இப்படிப்பட்ட புண்ணோடு வந்த சுமார் 15 பெண்களை அவர் பார்த்திருந்தார். ஓரிரு ஆண்டுக்குள் அதே மார்பில் புற்றுநோய் தெரிந்தது. அவர் பெயரே நோய்க்கும் பெயராகிவிட்டது. பேஜெட் நோய்.

உண்மையில், புண் தெரியும்போதே பெரும்பாலும் மார்பின் உள்ளே புற்று இருக்கிறது. மார்பகப் புற்றுநோய் வந்த 100 பேரில் 1 முதல் 3 பேருக்கு இது வருகிறது. ஆண்களுக்கும் எப்போதாவது வரும். அபூர்வமான நோய். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

சாதாரணப் படை பல சமயம் இரண்டு மார்பிலும் வரும். காம்பைச் சுற்றிய கருவட்டத்தில் தொடங்கும். பேஜெட் நோய் அநேகமாக ஒரு மார்பில்தான் வரும். காம்பிலேயே தொடங்கும். பிறகு கருவட்டத்துக்குப் பரவும். தோல் சிவக்கும். செதில் உதிரும். அரிக்கும், எரியும். நீரோ ரத்தமோ கசியலாம். காம்பு உள்ளே இழுத்துக்கொள்ளலாம். "கட்டி ஒன்றும் இல்லையே" என்று நிம்மதியாக இருக்கக் கூடாது. கட்டி கைக்குத் தட்டுப்படாமலும் இந்த நோய் இருக்கும்.

களிம்பு பூசினால் சில நாள் புண் வாடியது போலத் தெரியும். மறுபடி வரும். மறுபடி களிம்பு. இப்படியே மாதங்கள் ஓடிவிடும். அந்த மாதங்களில்தான் புற்று வளர்கிறது.

இரண்டு மூன்று வாரம் மருந்து போட்டும் ஆறவில்லையா? டாக்டரிடம் காட்டுங்கள். மரத்துப்போக ஊசி போட்டுச் சின்னத் துணுக்குத் தோல் எடுப்பார்கள். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பார்கள். இதுதான் பயாப்சி. துணுக்கு எடுத்தால் நோய் பரவும் என்பது வீண் பயம். மார்பையும் எக்ஸ்ரே எடுப்பார்கள். நோய் காம்போடு நின்றிருந்தால் சிலருக்கு அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, கதிர் சிகிச்சை கொடுத்தால் போதும். முழு மார்பையும் எடுக்க வேண்டியிராது.

திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. 1981-இல் தொடங்கியது. ஆர்.சி.சி. என்றால் ஆட்டோக்காரருக்கும் தெரியும். பழவங்காடியிலிருந்து கிழக்கே கோட்டைக்கு நடந்தால் மெடிக்கல் காலேஜ் பஸ் கிடைக்கும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. உடைத்துவிட்டு அப்படியே பஸ் ஏறலாம்.

பெண் டாக்டர் வேண்டும் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பூசிய களிம்பின் டியூபையும் கையோடு கொண்டுபோங்கள். எத்தனை நாளாகப் பூசினீர்கள் என்று டாக்டர் முதலில் கேட்பார்.