மகளின் படிப்புக்குக் கடன்: கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நிர்வாகக் குழு சார்பில் பேசியது)



போன கூட்டத்துக்கு ஒரு கடன் மனு வந்தது. மகளின் படிப்புக்காக ரூ.60,000. காரணம் என்ற இடத்தில் ‘டேட்டா சென்டர் வடிவமைப்புப் பயிற்சி’ என்று எழுதியிருந்தது. கறவை மாடு, தையல் மிஷின், பெட்டிக்கடை என்றால் நமக்குக் கணக்குப் போடத் தெரியும். இது என்னங்க படிப்பு? எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாமல் கையெழுத்துப் போட்டாலும் தப்பு, தெரியாது என்று தள்ளிவிட்டாலும் தப்பு. அதனால் ஒரு மாதம் அவகாசம் கேட்டு, விவரம் தெரிந்தவர்களிடம் விசாரித்தோம். அதைத்தான் இன்று சொல்கிறோம்.

நாம் பேங்கில் பணம் போட்டால் பாஸ்புக்கில் என்ட்ரி விழுகிறது. செல்போனில் பணம் அனுப்பினால் நொடியில் போய்ச் சேருகிறது. இந்தக் கணக்கெல்லாம் பெரிய கட்டடங்களில் உள்ள கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. அந்தக் கட்டடம்தான் டேட்டா சென்டர். ஆள் உயர இரும்பு ரேக்குகள் வரிசையாக நிற்கும். ஒரு ரேக்கில் வழக்கமாக 42 தட்டு அளவு இடம். சென்னை அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் இப்படி மையங்கள் இயங்குகின்றன.

இத்தனை கம்ப்யூட்டர்களும் இரவு பகலாக ஓடினால் சூடு தாங்காது. உள்ளே போகும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருப்பது நல்லது என்று அளவு வைத்திருக்கிறார்கள். அதற்காகக் குளிர்ந்த காற்று வர ஒரு சந்து, சூடான காற்று வெளியேற ஒரு சந்து என்று பிரித்து ரேக்குகளை நிறுத்துகிறார்கள்.

வடிவமைப்பு என்றால் என்ன? ‘இது நின்றுபோனால் என்ன செய்வது?’ என்று முன்கூட்டியே கேட்பதுதான். கரண்ட் போனால் பேட்டரி தாங்கணும். பேட்டரி தீருவதற்குள் டீசல் ஜெனரேட்டர் ஓடணும். அந்த ஜெனரேட்டரே பழுதானால்? கூடுதலாக ஒன்று நிற்கணும்.

இது நமக்குப் புதுசா? நம் குழுக் கணக்கில் பணம் எடுக்க இரண்டு கையெழுத்து போதும். ஆனால் மூன்று பேர் பெயரைக் கொடுத்திருக்கிறோம். ஒருத்தி பிரசவத்துக்குத் தாய்வீடு போனாலும் குழு வேலை நிற்காது. இதையேதான் அவர்கள் ‘என் பிளஸ் ஒன்’ என்கிறார்கள். தேவைக்கு மேல் ஒன்று என்று அர்த்தம்.

இந்தத் துறையில் இரண்டு பக்கம் உண்டு. கட்டடம், கரண்ட், ஏசி ஒரு பக்கம். ஐடிஐயில் எலக்ட்ரீஷியன், ஏசி மெக்கானிக் படித்த பிள்ளைகளுக்கும் இதில் வேலை உண்டு. கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் இன்னொரு பக்கம். நம் சகோதரியின் மகள் கேட்டது இரண்டாவது. ‘சிஸ்கோ’ கம்பெனியின் டேட்டா சென்டர் வடிவமைப்புப் படிப்பு. தேர்வின் எண் 300-610, நேரம் 90 நிமிடம்.

இங்கேதான் கவனிக்கணும். இந்த ஒரு தேர்வு எழுதினால் மட்டும் ‘சிசிஎன்பி டேட்டா சென்டர்’ என்ற முழுச் சான்றிதழ் கிடைக்காது. 350-601 என்ற முக்கியத் தேர்விலும் தேறணும். சான்றிதழ் மூன்று வருஷம்தான் செல்லும், பிறகு புதுப்பிக்கணும். யாரும் எழுதலாம், தடை இல்லை. ஆனால் மூன்று முதல் ஐந்து வருஷ வேலை அனுபவம் உள்ளவர்களே பெரும்பாலும் எழுதுகிறார்கள்.

அந்தப் பிள்ளையோ இப்போதுதான் பி.எஸ்சி. முடித்தவள். தையல் படிக்க வந்தவளிடம் முதல் நாளே பட்டு ஜாக்கெட் துணியைக் கொடுத்து வெட்டச் சொன்ன மாதிரி. பயிற்சி நிலையத்தில் ‘இது ஒண்ணு போதும், வேலை நிச்சயம்’ என்று சொல்லியிருந்தார்கள். எழுத்தில் கொடுங்கள் என்றோம், கொடுக்கவில்லை. தேர்வுக் கட்டணம் ரூ.60,000-க்குள் அடக்கமா என்றோம், அது தனி என்றார்கள்.

நாங்கள் சொன்னதும் தாய்க்கு முகம் வாடிவிட்டது. ‘எம் பொண்ணு படிக்க வேணாம்னு சொல்றீங்களா?’ என்று கேட்டார். இல்லை சகோதரி, படிக்கணும், ஆனால் முதல் படியில் இருந்து ஏறணும் என்றோம். மகளும் கூட்டத்துக்கு வந்தாள். ‘பெரியம்மா, எனக்கு நெட்வொர்க் அடிப்படையே சரியா தெரியாது. கேட்க வெட்கப்பட்டுட்டு இருந்தேன்’ என்றாள். அந்த உண்மையைச் சொன்னதற்கு நாங்கள் கை தட்டினோம்.

முதல் படி ‘சிசிஎன்ஏ’ என்ற அடிப்படைப் படிப்பு. சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் ஆரம்பப் பாடங்கள் சில இலவசம். மத்திய அரசின் ‘ஸ்வயம்’ தளத்திலும் இலவசமாகப் பாடம் கேட்கலாம், சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் கட்டணம். அதை முடித்து, கேபிள் இணைப்பு, கண்காணிப்பு போன்ற வேலையில் சேர்ந்து கை பழகிய பிறகு வடிவமைப்புக்குப் போகலாம்.

முதல் கட்டமாக அடிப்படைப் பயிற்சிக்கு ரூ.20,000 கடன் கொடுத்துத் தீர்மானம் எழுதினோம். தேர்வுக்குத் தயார் என்று அவள் வந்து சொன்னதும் அடுத்த கட்டம்.

சகோதரிகளே, எந்தப் படிப்புக்குக் கடன் கேட்டு வந்தாலும் இந்த ஐந்தைக் கேளுங்கள்:

1. இதற்கு முன் என்ன தெரிந்திருக்கணும்?
2. சான்றிதழ் யார் தருவது? பயிற்சி நிலையமா, கம்பெனியா?
3. தேர்வுக் கட்டணம் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு?
4. வேலை வாக்குறுதியை எழுத்தில் தருவார்களா?
5. இரவு ஷிப்ட் வந்தால் தங்குமிடம், போக்குவரத்து எப்படி?

ஐந்தாவது கேள்வியைப் பெண்பிள்ளையைத் தடுக்கக் கேட்காதீர்கள். அவள் தைரியமாகப் போய்வர வழி செய்யக் கேளுங்கள்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லி விசாரித்ததால் ஒரு குடும்பம் பெரிய கடனில் இருந்து தப்பியது. ஒரு பிள்ளைக்கு வழியும் தெரிந்தது. இனி நம் தீர்மான நோட்டில் படிப்புக் கடன் எழுதும்போது இந்தக் கேள்விகளின் பதிலையும் சேர்த்து எழுதுவோம்.