ஆண்டு விழாவுக்கு மாஸ்க் போடணுமா? நாமே பேசி முடிவு எடுப்போம்

(லாஸ்பேட்டையில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பாகூர், நெட்டப்பாக்கம், வில்லியனூர் பக்கமிருந்தெல்லாம் பஸ் மாறி லாஸ்பேட்டை வந்து சேர்ந்திருக்கிறீர்கள். வழக்கமாக நாம் இங்கே சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு என்றுதான் பேசுவோம். இன்றைக்கு நம் பிள்ளைகளின் பள்ளிக்கூட விழாவைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். நாங்கள் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போதெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. "மேடம், ஆண்டு விழா வருது, தெருவெல்லாம் சளியும் இருமலுமா இருக்கு. பிள்ளைக்கு மாஸ்க் போட்டு அனுப்பறதா, வேண்டாமா?" என்று ஒருவர் கேட்பார். உடனே பக்கத்தில் இருப்பவர், "கொரோனாதான் போயிடுச்சே, இன்னும் எதுக்கு அந்தத் துணி?" என்பார். மூன்றாவது ஒருவர் மெதுவாகச் சொல்வார், "எங்க மாமியாருக்கு சுகர், மூச்சிரைப்பு. எனக்குப் பயமா இருக்கு." மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இது பேச வேண்டிய விஷயம்.

2020-இலும் 2021-இலும் இந்தக் கேள்வியே நமக்கு இல்லை. அரசாங்கம் உத்தரவு போட்டது, நாம் போட்டுக்கொண்டோம். பள்ளிக்கூடமே மூடிக் கிடந்தது. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 டிசம்பரில்தான் நம் புதுச்சேரியில் திரும்பத் திறந்தார்கள். நம்மில் தையல் தெரிந்தவர்கள் ராத்திரி பகலாக மாஸ்க் தைத்ததும் அந்த நாட்களில்தான். கொரோனாவில் நம் மாநிலத்தில் மட்டும் ஏறக்குறைய 2,000 பேர் இறந்துபோனார்கள். அதை நாம் மறக்கவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பலர் மறந்துவிட்டோம். 2022 செப்டம்பரில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பரவியது. ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை 17-ஆம் தேதி முதல் 25-ஆம் தேதி வரை விடுமுறை விட்டார்கள். அடுத்து 2023 மார்ச்சில் எச்3என்2 என்று ஒரு ஃபுளூ காய்ச்சல் வந்தது. மறுபடியும் அதே வகுப்புகளுக்கு மார்ச் 16 முதல் 26 வரை பள்ளி மூடியது. அந்த ஏப்ரல் 7-ஆம் தேதி, கொரோனா திரும்பக் கூடுகிறது என்று மாவட்ட நிர்வாகம் பொது இடங்களில் மாஸ்க் கட்டாயம் என்று அறிவித்தது. கடற்கரைச் சாலை, பூங்கா, தியேட்டர் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். ஒரு மாதம் கழித்து, மே 5-ஆம் தேதி, உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசர நிலை முடிந்தது என்று சொல்லிவிட்டது. இப்போது அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. சொல்ல ஆளில்லாததால் முடிவு நம்மிடம் வந்திருக்கிறது. ஆனால் காய்ச்சல் சீசன் போகவில்லை. மழைக்காலத்தில் ஒரு முறை, ஆண்டு விழா நடக்கிற தை, மாசி, பங்குனியில் ஒரு முறை வந்து போய்க்கொண்டுதான் இருக்கிறது.

மாஸ்க் என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். இருமும்போதும், தும்மும்போதும், சத்தமாகப் பேசும்போதும், பாடும்போதும் வாயிலிருந்து நீர்த்துளி தெறிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பொடித் துளியும் காற்றில் மிதக்கிறது. கிருமி அதில் ஏறித்தான் வருகிறது. மாஸ்க் போட்டால் வெளியே போவது நன்றாகக் குறையும், உள்ளே வருவதும் ஓரளவு குறையும். ஆகவே இருமுகிறவர் போட்டால்தான் பலன் அதிகம். நாம் செய்வது தலைகீழாக இருக்கிறது. பயப்படுகிறவர் போட்டுக்கொள்கிறார், இருமுகிறவர் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்!

இது இன்றைக்கு நேற்றுக் கண்டுபிடித்ததும் கிடையாது. 1910-11-இல் சீனாவின் மஞ்சூரியா பக்கம் நுரையீரல் பிளேக் பரவியது. அங்கே போன டாக்டர் ஊ லியன் டே நம் தமிழர்கள் நிறைய வாழ்கிற பினாங்கில் பிறந்தவர். இது மூச்சுக் காற்றில் பரவுகிறது என்று சொல்லி, பஞ்சும் கட்டுத் துணியும் வைத்து மாஸ்க் கட்டச் சொன்னார். மெஸ்னி என்ற பெரிய பிரெஞ்சு டாக்டர் அதை ஏற்கவில்லை. மாஸ்க் இல்லாமலே நோயாளிகளைப் பார்த்தார். சில நாளில் அதே நோயில் இறந்துபோனார். அதன் பிறகுதான் மற்றவர்கள் மளமளவென்று மாஸ்க் கட்டினார்களாம். படித்த டாக்டருக்கே அப்படி என்றால், நம் தெருவில் "எனக்கெல்லாம் ஒண்ணும் வராது" என்கிறவரைக் கோபித்துப் பயனில்லை. பொறுமையாகத்தான் சொல்ல வேண்டும்.

சரி, ஆண்டு விழாவுக்கு வருவோம். எல்லா விழாவும் ஒன்று இல்லை. ஆகஸ்ட் 15-க்கும், நம் விடுதலை நாள் நவம்பர் 1-க்கும் மைதானத்தில் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். திறந்த வெளி, காற்று ஓடுகிறது, ஒரு மணி நேரத்தில் முடிகிறது. சளி இருமல் இல்லாத பிள்ளைக்கு அங்கே மாஸ்க் தேவை என்று நாங்கள் சொல்ல மாட்டோம். விளையாட்டு விழாவில் ஓடுகிற பிள்ளைக்குப் போடவே கூடாது, மூச்சுத் திணறும்.

ஆண்டு விழா வேறு மாதிரி. பல பள்ளிகள் கல்யாண மண்டபத்தில் நடத்துகின்றன. ஏசி போட்டு ஜன்னலை எல்லாம் சாத்திவிடுகிறார்கள். ஐந்து மணி விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் ஏழு மணிக்கு வருகிறார். அதுவரை மேக்கப் போட்ட பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் ஐம்பது, அறுபது பேர் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். நாம் சபையைப் பார்த்துப் பயப்படுகிறோம், ஆனால் நெரிசல் அதிகம் அந்த அறையில்தான். மேடையில் ஐந்து நிமிஷம் ஆடும்போது மாஸ்க் வேண்டாம், ஆடவும் முடியாது. காத்திருக்கிற இரண்டு மணி நேரத்துக்குப் பெரிய பிள்ளைகள் போட்டுக்கொள்ளலாம். லிப்ஸ்டிக் கலைந்துபோகும் என்பார்கள். கலைந்தால் திரும்பப் பூசிக்கொள்ளலாம். அதைவிட நல்லது, பிள்ளைகளை வராண்டாவிலோ வாசலிலோ காற்றாட உட்கார வைக்கச் சொல்லிக் கேட்பது. ஜன்னலைத் திறந்து மின்விசிறி போடச் சொல்வதும் நம் உரிமைதான். பேச்சுகளைக் குறைக்கச் சொல்வதும் சுகாதாரம்தான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

எந்த வயதுப் பிள்ளைக்கு மாஸ்க்? இதில் மத்திய சுகாதாரத் துறை 2022 ஜனவரியில் சொன்ன வழிமுறை தெளிவாக இருந்தது. ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைக்கு மாஸ்க் வேண்டாம். ஆறிலிருந்து பதினொன்று வரை, பிள்ளை சரியாகப் போட்டுக் கழற்றத் தெரிந்திருந்தால், பெரியவர் கண்காணிப்பில் போடலாம். பன்னிரண்டுக்கு மேல் பெரியவர்களைப் போலத்தான். அங்கன்வாடிக் குழந்தைக்கும் எல்.கே.ஜி. குழந்தைக்கும் இழுத்துக் கட்டிவிட வேண்டாம். மூச்சு விடச் சிரமப்படும் பிள்ளையையும், மாற்றுத்திறனாளிப் பிள்ளையையும் வற்புறுத்தக் கூடாது. காது கேளாத பிள்ளைகள் நம் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறார்கள். அவர்களோடு பேசுகிற டீச்சர், கொஞ்சம் தள்ளி நின்று மாஸ்க்கை எடுத்துவிட்டுப் பேசுவதில் தவறில்லை.

இப்போது சொல்லப்போவதுதான் முக்கியமான விஷயம். பிள்ளைக்கு இருமலோடு காய்ச்சல் இருந்தால் மாஸ்க் போட்டு அனுப்பலாமா என்று கேட்கிறீர்கள். அனுப்பக் கூடாது. ஃபுளூ காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்னாலேயே பரவ ஆரம்பித்து, ஐந்து ஏழு நாள் வரை பரவும். சின்னப் பிள்ளைகளிடமிருந்து இன்னும் கூடுதல் நாள்கூடப் பரவலாம். பாராசிட்டமால் கொடுத்தால் உடம்புச் சூடு இறங்கும், கிருமி இறங்காது.

சொல்வது சுலபம் என்று எங்களுக்கும் தெரியும். இரண்டு மாதம் ஒத்திகை பார்த்த பிள்ளை. டான்ஸ் உடைக்கு வாடகைப் பணம் கட்டியாகிவிட்டது, அதுவும் சிலர் குழுவில் உள்கடன் வாங்கிக் கட்டியிருப்பார்கள். வீட்டில் நிறுத்தினால் பிள்ளை அழும். அம்மா வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போகும். அதனால் காலையில் மாத்திரையைக் கொடுத்து, பவுடர் பூசி அனுப்பிவிடுகிறோம். இதற்காக ஒரு தாயைக் குறை சொல்ல எங்களுக்கு மனசு வரவில்லை. ஆனால் மண்டபத்தில் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார்? பேத்தி ஆட்டத்தைப் பார்க்க ஆசையாக வந்த எழுபது வயதுப் பாட்டி. அல்லது மடியில் கைக்குழந்தையோடு இருப்பவர், மாசமாக இருப்பவர். ஃபுளூ பிள்ளைக்கு நான்கு நாளில் சரியாகிவிடும். சுகரும் மூச்சிரைப்பும் உள்ள பாட்டிக்கு நிமோனியா ஆகி ஜிப்மருக்கு ஓட வேண்டி வரும்.

அப்படி ஒரு பெண்ணை நமக்குத் தெரியும். பெயர் வேண்டாம். வீட்டில் நோயாளி மாமியார் இருப்பதால் மகளுக்கு மாஸ்க் போட்டு விழாவுக்குக் கூட்டிப்போனார். "உன் பொண்ணுக்கு என்ன வியாதி?" என்று நாலு பேர் கேட்டார்கள். அந்தப் பிள்ளை வெட்கப்பட்டுக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டது. மறுவாரம் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல், மாமியார் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். விழாவில்தான் வந்தது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த நாலு பேரும் நம்மைப் போன்ற பெண்கள்தான். மாஸ்க் போட்டவரையும் கேலி பேசக் கூடாது, போடாதவரையும் அத்தனை பேர் நடுவில் அதட்டக் கூடாது.

தனித்தனியாக முடிவெடுத்தால் இப்படித்தான் சங்கடம் வரும். அதனால் விழாவுக்கு முன்னாடியே கூடிப் பேசுங்கள். அதற்கு இடம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். நம் உறுப்பினர்கள் பலர் அதில் இருக்கிறார்கள், கையெழுத்துப் போடும்போது மட்டும் போகிறார்கள்! இந்தத் தடவை வாய் திறந்து பேசுங்கள். இடம் மைதானமா மண்டபமா, எத்தனை மணிக்கு முடியும், ஊரில் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் அம்மாவைக் கேட்டால் அந்த வாரம் எத்தனை பேர் காய்ச்சலோடு வந்தார்கள் என்று சொல்வார்கள். அதிகமாக இருந்தால், மண்டபத்துக்குள் பெரியவர்கள் எல்லோரும் மாஸ்க் என்று தீர்மானம் போடலாம். குறைவாக இருந்தால், இருமல் உள்ளவர்களும் முதியவர்களும் மட்டும் போதும். நோய் வந்த பிள்ளைக்கு வேறொரு நாளில் உடை போட்டு ஒரு போட்டோ, வகுப்பில் ஒரு ஆட்டம் என்று டீச்சரிடம் கேட்டு வாங்குங்கள். "ஒரு நாள்கூட லீவு போடாத பிள்ளைக்குப் பரிசு" என்று கொடுக்கிறார்களே, அதையும் நிறுத்தச் சொல்ல வேண்டும். காய்ச்சலோடு பிள்ளையை வரவழைப்பதே அந்தப் பரிசுதான்.

மாஸ்க் வாங்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் மூன்று மடிப்பு மாஸ்க் போதும். கலர் பக்கம் வெளியே, கம்பி மூக்கின் மேல், தாடைக்குக் கீழ் வரை இழுத்துவிட வேண்டும். நனைந்தால் மாற்ற வேண்டும், மறுநாள் போடக் கூடாது. நோயாளி, முதியவருக்கு என்95 இன்னும் நல்லது. அதில் வால்வு வைத்ததை வாங்காதீர்கள், அது நம் மூச்சை அப்படியே வெளியே விட்டுவிடும். துணி மாஸ்க் இருந்தால் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் உலர்த்திப் போடலாம். முந்தானையும் கைக்குட்டையும் ஆபத்துக்கு உதவும், அவ்வளவுதான். கழுத்தில் தொங்குகிற மாஸ்க் கழுத்தைத்தான் காப்பாற்றும்.

விழா முடிந்து சாப்பாட்டுப் பந்தியில் எல்லோரும் ஒரே நேரத்தில் மாஸ்க்கைக் கழற்றுவோம், அதைத் தடுக்க முடியாது. பொட்டலமாகக் கையில் கொடுத்து அனுப்பச் சொன்னால் வேலை முடிந்தது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் ஊர்ப் பள்ளி விழாத் தேதியையும், நடக்கிற இடத்தையும், உங்கள் குழு என்ன பேசியது என்பதையும் தீர்மான நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். அன்றைக்குக் காய்ச்சலோடு வீட்டில் இருக்கும் பிள்ளையோடு யார் இருப்பார்கள் என்பதையும் இப்போதே பேசி, அந்த உறுப்பினர் பெயரையும் அதில் எழுதிவிடுங்கள்.