ஞாயிற்றின் நாட்பதிவு



மாலையில் வெள்ளவத்தைக் கடற்கரையில் உலவுவோருக்கு மறைகின்ற ஞாயிறு அமைதியே வடிவாகத் தோன்றும். ஆயினும் அது என்றும் அமைதியாக இருப்பதில்லை. ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதன் முகத்திற் கரும்புள்ளிகள் பெருகுகின்றன. அக்காலத்திற் பெருஞ்சுடர்கள் அடிக்கடி வெடிக்கின்றன. காந்தம் பொதிந்த வாயு மேகங்கள் விண்வெளியில் வீசப்படுகின்றன.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். சுடரின் கதிர்கள் எட்டு நிமிடங்களிற் பூமியை அடைந்து, பகல் நிலவும் பகுதிகளிற் சிற்றலை வானொலியை மங்கச் செய்கின்றன. முன்னாளில் இலங்கை வானொலியைச் சிற்றலையிற் கேட்ட தமிழக நேயர்கள், ஒலி திடீரென மறைந்தபோது பெட்டியைத் தட்டிப் பார்த்திருப்பர். குற்றம் ஞாயிற்றினதாகவும் இருந்திருக்கலாம்! வாயு மேகமோ பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாட்களில் வந்து காந்தப் புயலை எழுப்பும். 1989 மார்ச் 13ஆம் நாள் எழுந்த புயலால் கனடாவின் குவிபெக் மாகாணம் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தது.

இவற்றை முன்னறிய வேண்டுமாயின், நாள்தோறும் அளந்து குறித்தல் வேண்டும். பம்பாயின் கொலாபா ஆய்வுக்கூடத்தில் 1840களிலிருந்து பூமியின் காந்தத்தை அளந்து வந்தனர். 1859 செப்டெம்பர் 2ஆம் நாள் எழுந்த மாபெரும் புயலை அவர்கள் குறித்துவைத்த எண்கள், இன்றும் உலக விஞ்ஞானிகளால் ஆராயப்படுகின்றன. அன்று அளந்தவர்க்கு, தாம் எழுதும் எண்களின் அருமை தெரிந்திருக்க நியாயமில்லை. வழக்கமான கடமையைச் செய்தனர், அவ்வளவே.

அக்கடமைக்கும் ஓர் இடையூறு நேர்ந்தது. கொட்டாஞ்சேனையை அடுத்த கிராண்ட்பாஸ் வரை ஒருகாலத்தில் ஓடிய மின்சார டிராம் வண்டிகளை முதியோர் நினைவிற் கொண்டிருப்பர். அத்தகைய வண்டிகள் பம்பாயிலும் ஓடவிருந்தன. அவற்றின் மின்னோட்டம் நுண்ணிய காந்தக் கருவிகளைக் குழப்பிவிடும். ஆகவே தெற்கேயுள்ள அலிபாக்கில் 1904இல் புதிய கூடம் அமைத்தனர். பழையதை உடனே மூடினரோ? இல்லை. 1906 வரை ஈரிடத்தும் ஒருங்கே அளந்து, எண்களை ஒப்புநோக்கிய பின்னரே கொலாபாவில் அளப்பதை நிறுத்தினர். பதிவின் தொடர்பு அறுந்துவிடக் கூடாதென்பதே அவர்தம் கவலை. அதே 1904ஆம் ஆண்டு முதல் கொடைக்கானல் ஆய்வுக்கூடமும் ஞாயிற்றை ஒளிப்படம் எடுத்து வருகின்றது.

இன்று இப்பணி விண்வெளிக்கும் சென்றுள்ளது. இந்தியா 2023 செப்டெம்பர் 2ஆம் நாள் ஏவிய ஆதித்யா எல்-1, பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவில் நின்று ஞாயிற்றை நோக்குகின்றது. அவ்விடத்திற் காவல் எதற்கு? மேகத்தின் காந்தம் தெற்கு நோக்கியிருந்தாற் புயல் கடுமையாகும்; வடக்கு நோக்கியிருந்தால் பெரும்பாலும் தீங்கு குறையும். மேகம் அங்குள்ள கருவிகளைக் கடக்கும்போதுதான் அத்திசையை நேரே அளக்க இயலும். அதன்பின் நமக்குக் கிடைக்கும் அவகாசம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்கும் குறைவே.

காந்த மத்திய ரேகை நம் தீவை அண்டிச் செல்வதால், நமக்கு மேலுள்ள உயர்வளிமண்டலம் தனி இயல்புடையது. செய்மதிக் குறிகளைக் கொண்டு வழியறியும் நம் மீன்பிடிப் படகுகளுக்கு அதன் குழப்பம் இடர் தரக்கூடும். ஆதலின் ஞாயிற்றைப் பற்றிய முன்னறிவிப்பு நமக்கும் உரியதே. பெருநிகழ்ச்சி எந்நாளில் வரும் என்று எவரும் உறுதியாகக் கூறமுடியாது. ஒன்றும் நிகழாத நாட்களையும் தவறாது குறித்துவைத்தவர்க்கே, அது வரும் நாளில் அதன் பொருள் விளங்கும்.