இளைஞர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பை ஏற்போம்

(பெங்களூருவில் கட்சி உறுப்பினர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



1980 டிசம்பரில் தொடங்கி 77 நாட்கள் நீடித்த பொதுத்துறைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை இந்நகரின் தொழிலாளி வர்க்கம் மறக்காது. எச்.ஏ.எல்., பி.இ.எல்., எச்.எம்.டி., ஐ.டி.ஐ., பி.இ.எம்.எல். ஆலைகளில் அன்று வேலைக்குச் சேர்ந்த இளைஞனுக்குப் பக்கத்து இயந்திரத்தில் நின்ற மூத்த தொழிலாளியே ஆசான். தொழிலையும் அவரிடம் கற்றான். அநீதிக்குத் தலைகுனியாமையையும் அவரிடமே கற்றான்.

இன்று அந்தப் பக்கத்து இயந்திரம் எங்கே? உணவுப் பொட்டலத்தைச் சுமந்து இருசக்கர வாகனத்தில் விரையும் இளைஞனுக்குக் கைபேசிச் செயலிதான் மேலாளர். பீன்யாவின் சிறு பட்டறைகளில் ஒப்பந்தத் தொழிலாளிக்கு நிரந்தரமான சகதொழிலாளி என்று எவரும் இல்லை. மூத்தவரும் இளையவரும் சந்திக்கும் களத்தையே மூலதனம் கலைத்துவிட்டது. அதை நாம் திட்டமிட்டு மீண்டும் உருவாக்க வேண்டும். ஆகவேதான் இளைஞர்களுக்குத் தன்னார்வ வழிகாட்டியாகப் பொறுப்பேற்பதை இயக்கப் பணியாகக் கருதுகிறோம்.

பெருநிறுவனங்களும் இளைஞர்களுக்கு வழிகாட்ட வருகின்றன. குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டுவோர் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம். ஆங்கிலப் பயிற்சி, நேர்காணல் பயிற்சி ஆகியவற்றை நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை. வேலை தேடும் பிள்ளைக்கு அவை தேவை. ஆனால், தன் தெருவில் படித்தோர் பலருக்கு ஏன் வேலை இல்லை என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. நாம் விண்ணப்பத்தை நிரப்பவும் உதவ வேண்டும்; அந்தக் கேள்வியையும் சேர்ந்து ஆராய வேண்டும்.

இளைஞர்களிடம் போர்க்குணம் இல்லை என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். சேமநல நிதியை எடுப்பதற்கு ஒன்றிய அரசு விதித்த கட்டுப்பாட்டை எதிர்த்து, 2016 ஏப்ரலில் இந்நகரின் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஏப்ரல் 19 அன்று அரசு பின்வாங்கியது. அவர்கள் எவருடைய அறைகூவலுக்கும் காத்திருக்கவில்லை. அந்தக் கோபம் அமைப்பாக நிலைபெறுவதற்கு, அன்றாடம் உடனிருக்கும் மனிதர்கள் தேவை.

தோழர் பி.சீனிவாசராவை நினைத்துப் பாருங்கள். கர்நாடகத்தில் பிறந்தவர், 1943இல் தஞ்சைக்கு அனுப்பப்பட்டார். சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் ஆளான பண்ணையாட்களின் குடிசைகளில் தங்கி, அவர்களில் ஒருவராக வாழ்ந்து அமைப்பைக் கட்டினார். மொழி அவருக்குத் தடையாகவில்லை. தமிழ் பேசும் நாம், இங்குள்ள கன்னட, தெலுங்கு, உருது, இந்தி பேசும் இளைஞர்களிடம் செல்லத் தயங்கலாமா?

நம் குறையையும் ஒப்புக்கொள்வோம். ஓர் இளைஞன் வந்தால் உடனே பசை வாளியைக் கையில் தருகிறோம். ஊர்வலத்தில் தலை எண்ணுகிறோம். அவனுடைய தேர்வு என்னாயிற்று, தங்கையின் படிப்பு ஏன் நின்றது என்று கேட்பதில்லை. ஆறு மாதத்தில் அவன் வராமல் போகிறான். அவனைக் குறை சொல்கிறோம்.

ஆகவே சில நெறிகள். ஓராண்டுக்காவது தொடர முடிந்தவர்கள் மட்டும் பொறுப்பேற்க வேண்டும். பாதியில் கைவிடுவது தொடங்காததைவிடத் தீங்கானது. வாரத்தில் 2 மணி நேரம் போதும். ஆனால் தவறக் கூடாது. பதினெட்டு வயது நிரம்பாதோரைப் பெற்றோர் அறிய, பொது இடத்தில், இன்னொரு தோழர் உடனிருக்கச் சந்திக்க வேண்டும். கடன் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. உதவிக்கு விலையாக உறுப்பினர் படிவத்தை நீட்டக் கூடாது. கட்சிக்கு வருவதானால் அவர்கள் தம் அறிவால் வரட்டும். கைபேசிச் செயலி கூலியைக் கணக்கிடும் விதம் போன்றவற்றை நாம் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

தோழர்களே, இன்று வீடு திரும்பும்போது, உங்கள் தெருவில் இருபது வயதுக்குட்பட்டோர் எத்தனை பேரின் பெயர் உங்களுக்குத் தெரியும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை குறைவாக இருந்தால், நம் பணி அங்கிருந்தே தொடங்குகிறது.