விமானப்படையும் ஓட்டுப் பிரயாணமும்



நாட்டின் பிரதம மந்திரி விமானப்படையின் விமானத்தில் ஏறவே கூடாது என்று வாதிப்பதற்காக நான் இந்த மேடைக்கு வரவில்லை. சுதந்திரம் கிடைத்த 1947ஆம் ஆண்டிலேயே, டில்லியை அடுத்த பாலம் விமான நிலையத்தில், தலைவர்களை ஏற்றிச் செல்வதற்கென்று விமானப்படையில் ஒரு தனிப் பிரிவு தோன்றி, டக்கோட்டாவில் ஆரம்பித்து இன்று போயிங் வரையில் வளர்ந்திருக்கிறது. ராஜாங்க காரியமாகச் செல்கிற தலைவருக்கு அந்த வசதியும் பாதுகாப்பும் அவசியம் என்பதில் எனக்கு அபிப்பிராய பேதம் சிறிதும் இல்லை.

அந்த விமானங்களை ஓட்டுகிறவர்களிடம் எனக்குள்ள மதிப்பினாலேயே இன்று பேசுகிறேன். 1977 நவம்பர் 4ஆம் தேதி இரவு, பிரதமர் மொரார்ஜி தேசாயை ஏற்றிக்கொண்டு டில்லியிலிருந்து புறப்பட்ட டுப்போலெவ் விமானம், அஸ்ஸாமில் ஜோர்ஹாட்டை நெருங்கிய சமயத்தில் வயல்வெளியில் விழுந்தது. முன்புறம் நொறுங்கிப் போக, விங் கமாண்டர் டிலிமா உள்ளிட்ட விமானப்படையினர் ஐவர் உயிர் துறந்தனர். பின்னால் அமர்ந்திருந்த 81 வயதுப் பிரதமர் பிழைத்தார். அந்த ஐவரும் தேசத்தின் பெயரால் பிரமாணம் எடுத்துக்கொண்டவர்கள். அந்தப் பிரமாணத்துக்குள் எந்தக் கட்சியின் கொடிக்கும் இடம் கிடையாது. அப்படிப்பட்டவர்கள் ஓட்டும் விமானம், தேர்தல் காலத்தில் ஒரு கட்சியின் தலைவரை ஊர் ஊராகப் பிரசார மேடைக்குச் சுமந்து செல்வது தர்மமா என்பதே என் கேள்வி.

இந்தப் பழக்கம் நேற்று முளைத்ததன்று. 1951-52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் ஜவாஹர்லால் நேரு சுமார் 25,000 மைல் சுற்றினார். அதில் 18,000 மைல் ஆகாய மார்க்கம். அவருடைய பாதுகாப்பை உத்தேசித்து விமானப்படை விமானத்தைக் கொடுப்பதென்றும், சாதாரணப் பிரயாணி செலுத்தும் டிக்கெட் கட்டணத்தைச் சர்க்காருக்குக் கட்டிவிட்டால் போதுமென்றும் அப்போது விதி வகுத்தார்கள். நேருவின் நாணயத்தில் எனக்குச் சந்தேகம் கிடையாது, விதிதான் பிழை. டிக்கெட் கட்டணம் என்பது பலர் பகிர்ந்துகொள்ளும் செலவில் ஒருவருடைய பங்கு அல்லவா? ஒருவருக்காகவே கிளம்புகிற விமானத்தின் பெட்ரோலுக்கும், கூடவே வருகிற துணை ஹெலிகாப்டர்களுக்கும், இறங்கும் மைதானத்தை முன்கூட்டியே பார்த்துவைக்கும் ஒத்திகைக்கும், தரையில் இரவு பகலாகக் காத்திருக்கும் மெக்கானிக்குகளின் சம்பளத்துக்கும் அந்தப் பணம் எப்படி ஈடாகும்? மிச்சத்தைக் கட்டுகிறவர்கள், தீப்பெட்டி வாங்கும்போதும் வரி செலுத்துகிற நீங்கள். எதிர்க்கட்சி வேட்பாளர் ஜீப்பில் புழுதி குடித்துக்கொண்டு மூன்று கிராமங்களைத் தாண்டுவதற்குள், உங்கள் பணத்தில் பறப்பவர் மூன்று ராஜ்யங்களில் பேசி முடித்துவிடுகிறார். அவருக்கு எதிராக ஓட்டுப் போடப் போகிறவனும் அவருடைய பிரயாணச் செலவைத் தாங்குகிறான்.

இந்த விஷயம் கோர்ட்டுக்கும் போயிற்று. 1971இல் ரேபரேலியில் பிரதமர் இந்திரா காந்தியிடம் தோற்ற ராஜ் நாராயண், அலகாபாத் ஹைகோர்ட்டில் தொடுத்த வழக்கில், விமானப்படையின் விமானங்களிலும் ஹெலிகாப்டர்களிலும் இந்திரா காந்தி சென்று தேர்தல் கூட்டங்களில் பேசியது குற்றம் என்று வாதித்தார். தேர்தலுக்காக ராணுவத்தினரின் உதவியை வேட்பாளர் பெறுவது ஊழல் நடவடிக்கை என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவு சொல்கிறது. 1975 ஜூன் 12ஆம் தேதி நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா அந்தத் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பளித்ததை யாவரும் அறிவீர்கள். ஆனால் அரசாங்க உத்தியோகஸ்தர்கள் மேடையும் ஒலிபெருக்கியும் அமைத்துக் கொடுத்ததும், அரசு ஊழியராயிருந்த யஷ்பால் கபூரின் உதவியைப் பெற்றதுமே அதற்குக் காரணங்கள். விமானக் குற்றச்சாட்டை நீதிபதி ஏற்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் நெஞ்சை அறுக்கிறது. அந்த வழக்கு சுப்ரீம் கோர்ட்டில் நிலுவையில் இருக்கும்போதே, அவசர நிலைப் பிரகடனத்தின் கீழ் எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் அடைபட்டுக் கிடக்க, பார்லிமெண்ட் தேர்தல் சட்டத்தையே திருத்திற்று. ஒரு வேட்பாளர் வகிக்கும் பதவியின் காரணமாக, அரசாங்க சேவையில் உள்ளவர்கள் தங்கள் கடமையை ஒட்டிச் செய்து கொடுக்கும் ஏற்பாடுகளும் வசதிகளும் தேர்தல் உதவியாகக் கருதப்பட மாட்டா என்ற வாசகம் 123ஆம் பிரிவில் நுழைந்தது; நடந்து முடிந்த தேர்தலுக்கும் அது செல்லும் என்று எழுதிவைத்தார்கள். அவசர நிலை ஒழிந்தது. சிறையிலிருந்தவர்கள் ஆட்சிக்கு வந்தார்கள், போனார்கள், மறுபடியும் வந்தார்கள். வாசகம் இன்னும் சட்டப் புஸ்தகத்தில் இருக்கிறது. மற்ற மந்திரிகள் அரசாங்க விமானத்தைப் பிரசாரத்துக்குத் தொடக் கூடாது என்று தேர்தல் நடத்தை விதிகள் தடுக்கின்றன. பிரதமருக்கு மட்டும் விலக்கு.

பாதுகாப்பு வேண்டாமா என்பார்கள். வேண்டும், அவசியம் வேண்டும். மெய்க்காவலர்கள் கட்சி வாடகைக்கு எடுக்கும் விமானத்திலும் உடன் செல்லலாம். படையின் விமானமே இன்றியமையாதது என்றால், அது பறந்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் உரிய முழுச் செலவையும் கட்சி கட்டட்டும். யார் போனார்கள், எதற்காகப் போனார்கள், எவ்வளவு கட்டினார்கள் என்ற கணக்குப் பார்லிமெண்டின் மேஜைக்கு வரட்டும்.

இந்த ஊருக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சிக்காரராயிருந்தாலும், 1975இல் நுழைந்த அந்த வாசகத்தை நீக்குவதற்குக் கை தூக்குவீர்களா என்று கேளுங்கள். பதிலை வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடுங்கள்.